பதினேழாம் நம்பர் தூண்

எங்கள் வீட்டுக் கூடத்தின் நடுவில் ஒரு மரத்தூண் நிற்கிறது. சதுரத் தூண், ஒரு பக்கம் 12 அங்குலம். கண் மட்டத்துக்குச் சற்று மேலே கறுப்புச் சாயத்தில் 17 என்று ஓர் எண். தகட்டில் வெட்டிய அச்சை வைத்துச் சாயம் தடவியது என்று பார்த்தாலே தெரியும். 7இன் கால் பாதி தேய்ந்துவிட்டது. நாங்கள் இங்கே குடிவந்து மூன்று வருஷம் ஆகிறது. முதல் ஒன்றரை வருஷம், அழகுக்காக யாரோ எழுதிய எண் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது என்னவென்று எனக்குச் சொன்னவர் அப்பா.

கட்டடம் நூறு வருஷத்துக்கு மேல் பழையது. நகரத்தின் பழைய சரக்குப் பகுதியில் ஆறு மாடி, செங்கல் சுவர், மரத்தூண், மர உத்தரம். கட்டியபோது சரக்குக் கிடங்கு. பிறகு ரொம்ப காலம் பூட்டிக் கிடந்தது. ஒரு நிறுவனம் அதை வாங்கி, மாடிக்கு நான்கு வீடாகப் பிரித்து, 'சொகுசு லாஃப்ட்' என்ற பெயரில் விற்றது. போனில் அப்பாவிடம் லாஃப்ட் வாங்கியிருக்கிறோம் என்றதும், "பரணா? பரணை எதுக்கும்மா தனியா வாங்கினீங்க?" என்று கேட்டார். பழைய கிடங்கு, அதை வீடாக மாற்றியிருக்கிறார்கள் என்று விளக்கினேன். உடனே அவர் குரலே மாறிவிட்டது. "கிடங்கா? எத்தனை மாடி? தூண் மரமா இரும்பா?" என்று அடுக்கிக்கொண்டே போனார். ஓர் ஆலையின் கிடங்கில் 31 வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் அவர்.

விற்பனைக் கையேட்டில் இருந்ததெல்லாம் வேறு. ஒரே பலகையாக அறுத்த கல்லில் சமையல் மேடை, பொத்தானைத் தொட்டால் இறங்கும் திரைகள், கண்ணாடித் தடுப்பு போட்ட குளியலறை, படுக்கை போட ஒரு மச்சு, கீழே வாயிலில் இருபத்து நாலு மணி நேரமும் ஆள். எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைக்கு வீட்டுக்கு யாராவது வந்தால் நான் முதலில் கூட்டிப்போய்க் காட்டுவது அந்தப் பட்டியலில் இருக்கும் எதையும் அல்ல.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வீட்டோடு எனக்கு வந்த முதல் சண்டை அதனால்தான். நான் ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுக்கிறேன். வீட்டிலேயே பதிவு செய்வேன். வந்த அன்று, சாமான் எதுவும் இறக்காத காலிக் கூடத்தில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பார்த்தேன். அந்தச் சத்தம் சுவர் சுவராகப் போய் மோதிவிட்டு நிதானமாக அடங்கியது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பதினைந்து அடி உயரம், சுற்றிலும் செங்கல், கீழே பலகை, ஒரு பக்கம் கண்ணாடி. சத்தத்தை உறிஞ்ச ஒரு பொருள் கிடையாது.

அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபீனைப் பற்றி அப்போதுதான் தேடிப் படித்தேன். 1895இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபம் ஒன்றில், பேசிய சொல் அடங்க 5 வினாடிக்கு மேல் ஆனது. ஒரு சொல் அடங்கும் முன் அடுத்த பத்துச் சொல் வந்து அதன் மேல் விழும். அதைச் சரிசெய்யும் பொறுப்பு சபீனிடம் வந்தது. பக்கத்து அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து அடுக்கி, ஒவ்வொரு அளவு மெத்தைக்கும் எதிரொலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளந்தார். அறையின் கொள்ளளவு கூடினால் எதிரொலியும் நீளும், உறிஞ்சும் பொருள் கூடினால் குறையும் என்ற கணக்கு அந்த மெத்தைகளிலிருந்து வந்ததுதான். என் வீட்டில் கொள்ளளவைக் குறைக்க வழியில்லை. சரி, மெத்தை வழிதான் என்று முடிவுசெய்தேன். தடித்த கம்பளங்கள், கனத்த துணித் திரை, தூண்களுக்கு இடையில் புத்தக அலமாரி. கடைசியில், மச்சுக்கு ஏறும் படிக்குக் கீழே ஓர் ஆள் உட்காரும் இடத்தைக் கம்பளிப் பஞ்சு வைத்து அடைத்துக்கொண்டேன். இப்போது அங்கேதான் பதிவு.

இவ்வளவு செய்தும் ஒரு தொல்லை போகவில்லை. வடக்குச் சுவரின் செங்கல் இடுக்குகளிலிருந்து சாந்து பொடிப் பொடியாக உதிர்ந்துகொண்டே இருந்தது. காலையில் பெருக்கினால் சாயங்காலம் மறுபடி ஒரு கோடு மணல். புத்தகத்தின் மேல், ஒலிவாங்கியின் மேல் எல்லாம். ஒரு ஒப்பந்தக்காரரை வரவழைத்தோம். இரண்டே நாளில் வேலை முடிந்துவிட்டது. இயந்திரச் சக்கரத்தை வைத்து இடுக்குகளை அறுத்து, சிமென்ட் கலவையை அடைத்துவிட்டுப் போனார். சுவர் பளிச்சென்று இருந்தது. மணல் நின்றது. எனக்கு நிம்மதி.

அப்பா வந்தது அதற்கு எட்டு மாதம் கழித்து.

வந்த அன்றே பெட்டியைக்கூடத் திறக்காமல் சுவரோரமாக நடக்க ஆரம்பித்துவிட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சரக்குச் சரிபார்க்கப் போகிறவர் மாதிரி. அவர் முதலில் பார்த்தது ஜன்னலை. "இது பழசு இல்லையே" என்றார். கூடத்தின் பெரிய ஜன்னல்தான் இந்த வீட்டின் பெருமை என்று நான் நினைத்திருந்தேன். அவர் செங்கல்லைக் காட்டினார். ஜன்னலின் இரண்டு பக்கமும் செங்கல் வரிசை பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. மேலே இன்னும் பழைய வளைவின் ஒரு துண்டு இருந்தது. அதன் அகலம் இரண்டரை அடி. "கிடங்குக்கு வெளிச்சம் எதுக்கும்மா? வெயில் பட்டா துணி வெளுக்கும், சரக்கு காயும். ஜன்னல் பெருசானா திருட்டு. காத்து வந்தா போதும். பெரிய ஜன்னல் வெச்சது தொழிற்சாலைக்கு, ஆள் உக்காந்து வேலை செய்யணும்ல."

இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. லாஃப்ட் என்றதும் பத்திரிகையில் பார்க்கும் அந்தப் பெரிய பெரிய ஜன்னல்கள் பெரும்பாலும் தையற்கூடங்களும் அச்சகங்களும் நடந்த தொழிற்கூடக் கட்டடங்களில் இருப்பவை. கிடங்கு வேறு சாதி. சின்ன ஜன்னல், ஆழமான உட்புறம், நடுவில் இருட்டு. வீடாக மாற்றும்போது அந்த நடு இருட்டுதான் பெரிய சிக்கல். எங்கள் மாடியிலேயே ஒரு வீட்டில் படுக்கையறைக்கு ஜன்னலே இல்லை, மேலே கண்ணாடிப் பட்டை வைத்துக் கூடத்து வெளிச்சத்தைக் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

அப்புறம் தூணுக்குப் போனார். தூணின் நான்கு விளிம்பும் கூராக இல்லாமல் சரிவாகச் சீவியிருக்கும். அதுவும் அழகுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். கூர் விளிம்பில் தள்ளுவண்டி இடித்தால் மரம் சிம்பு சிம்பாகப் போகும், தீப்பிடித்தாலும் முதலில் பற்றுவது அந்த விளிம்புதான், அதனால்தான் சீவுவார்கள் என்றார். முழங்கால் உயரத்தில் ஓர் இடத்தில் கையை வைக்கச் சொன்னார். வைத்தேன். ஒரு பள்ளம், உள்ளங்கை அளவு, வழவழவென்று. அடுத்த தூணிலும் அதே உயரத்தில் இருந்தது. வண்டியின் அச்சு முனை திரும்பும்போதெல்லாம் உரசி உரசி விழுந்த பள்ளம். "எத்தனை வருஷம் திரும்பியிருக்கணும்" என்று அவர் மெதுவாகச் சொன்னார். அந்தப் பள்ளத்தைத் தினமும் கடந்து போயிருக்கிறேன். என் கைக்கு அது தெரிந்ததே இல்லை.

கடைசியாகத்தான் அந்த எண். பார்த்தவுடன் சிரித்துவிட்டார். "இது தூண் நம்பர். பேரேட்டில எழுதுவோம். இன்ன சரக்கு, இத்தனை மூட்டை, 17க்கும் 18க்கும் நடுவிலன்னு. ராத்திரி பத்து மணிக்குக் கேட்டாலும் விளக்கில்லாம போய் எடுத்து வரணும். நம்பர் இல்லாட்டி கிடங்கே கிடையாது." மற்ற வீடுகளில் தூணை இழைத்துப் புது மரம் போல ஆக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டில் 17ஆம் தூண் ஏதோ ஒரு பலகைத் தடுப்புக்குள் மறைந்து இருந்ததால் தப்பித்தது. 18 பக்கத்து வீட்டில் இருக்கிறது. ஆனால் எண் இல்லை.

அப்பா தரையை மிதித்துப் பார்த்தார். பாதத்தை ஊன்றி, எடையை மாற்றி. "கல்லு மாதிரி இருக்கு" என்றார். இருக்கத்தான் வேண்டும். அமெரிக்கக் கட்டட விதிகளில் வீட்டுத் தரை சதுர அடிக்கு 40 பவுண்டு எடை தாங்கினால் போதும். இலேசான சரக்கு வைக்கும் கிடங்குக்கு 125, கனமான சரக்குக்கு 250. அதாவது மூன்று மடங்கிலிருந்து ஆறு மடங்கு. அதனால்தான் இவ்வளவு தடித்த தூண், இவ்வளவு நெருக்கமாக. கூடத்தில் சோபா போடவிடாமல் குறுக்கே நிற்கிறதே என்று நான் அலுத்துக்கொண்ட அந்தத் தூண்கள் சுமந்த பாரத்தில் நாங்களும் எங்கள் அலமாரிகளும் ஒரு மூலைக்குக்கூடக் காண மாட்டோம். சுவரும் அப்படித்தான். எங்கள் மாடியில் ஒன்றரை அடி, தரைத்தளத்தில் இரண்டரை அடிக்கு மேல். மேலே போகப்போகச் சுமை குறைவதால் சுவரும் மெலிந்துகொண்டே போகிறது.

மறுநாள் காலையில் படிக்கட்டு அருகே நின்று என்னைக் கூப்பிட்டார். அங்கே ஒரு பெரிய இரும்புக் கதவு, சரிவான ஒரு தண்டவாளத்தில் தொங்கும். இப்போது அசையாதபடி பூட்டிவைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கப்பி, எடைக்கல், கயிறு. நடுவில் விரல் நீளத்தில் ஒரு ஈய நிறத் துண்டு. "இதுதான் காவல்காரன்" என்றார் அப்பா. அந்தத் துண்டு குறைந்த சூட்டிலேயே உருகும் உலோகம் வைத்துப் பற்றவைத்தது; சுமார் 70 டிகிரி செல்சியஸுக்கே இளகிவிடும். தீ வந்தால் துண்டு அறுபடும், எடைக்கல் விடுபடும், கதவு தன் பாரத்தால் சரிவில் உருண்டு வந்து தானே மூடிக்கொள்ளும். ஆள் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். கதவின் ஒரு மூலையில் தகடு பிரிந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். மரம்! இரும்புக் கதவு என்று நான் நினைத்தது, பலகைகளை அடுக்கி மேலே தகரம் சுற்றியது. வெறும் இரும்பென்றால் சூட்டில் முறுக்கிக்கொண்டு இடுக்கு விடும். தகரத்துக்குள் காற்றுப் புகாத மரம் கருகும், ஆனால் எளிதில் பற்றி எரியாது, வளையவும் வளையாது.

இந்தக் கதவின் பின்னால் பெரிய கதை இருக்கிறது. 1861 ஜூனில் லண்டனின் டூலி தெருவில், தேம்ஸ் கரைக் கிடங்குகளில் தீப்பிடித்தது. சணல், பருத்தி, சர்க்கரை, தேயிலை என்று எல்லாம் அடுக்கியிருந்த கிடங்குகள். அறைகளுக்கு நடுவே இரும்புக் கதவுகள் இருந்தன, ஆனால் அவை திறந்துகிடந்தன. தீ அறை அறையாகப் போனது. முழுதாக அணைய இரண்டு வாரம் ஆனது. நகரத் தீயணைப்புத் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் இடிந்த சுவருக்கடியில் சிக்கி இறந்தார். அதுவரை லண்டனில் தீயணைப்பை நடத்தியவை காப்பீட்டு நிறுவனங்கள். இனி எங்களால் முடியாது என்று அவை அரசிடம் போய் நின்றன. 1865இல் சட்டம் வந்து, பொதுப் பணத்தில் நகரத் தீயணைப்புப் படை உருவானது. மனிதர் ஓடிவந்து சாத்த வேண்டிய கதவை நம்ப முடியாது என்று தெரிந்த பிறகு, தானே மூடிக்கொள்ளும் கதவு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் கூரையில் பொய்க்கூரை ஏன் இல்லை என்பதும் இதோடு சேர்ந்ததுதான். அண்ணாந்து பார்த்தால் உத்தரமும் அதன் மேல் நேரே படுத்திருக்கும் மூன்று அங்குலப் பலகையும் தெரியும். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஆலைகளுக்குக் காப்பீடு தந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வற்புறுத்திப் பரப்பிய முறை இது. மெல்லிய மரச்சட்டம் வேண்டாம், தடித்த மரம் போடு, தீ ஒளிந்து ஓடுகிற மாதிரி எந்த இடுக்கும் விடாதே என்பது அவர்கள் சொன்னது. தடித்த மரம் நிமிடத்துக்கு முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் கருகும். மேலே படியும் கரியே உள்ளே இருக்கும் மரத்துக்குப் போர்வையாகிவிடும். அரை மணி நேரம் எரிந்தாலும் 12 அங்குலத் தூணில் ஏறக்குறைய முக்கால்வாசி முழுசாக நிற்கும். மறைப்பு எதுவும் போடாத எஃகோ, சுமார் 600 டிகிரியில் பாதி வலுவை இழந்துவிடும். நவீன அலங்காரம் என்று நான் நினைத்திருந்த வெற்று உத்தரம், தீக்குப் பயந்து கணக்குப் போட்டு வைத்தது.

இதில் ஒரு கஷ்டமும் உண்டு. இடுக்கு இல்லாத தரை என்றால் சத்தம் தடுக்கவும் எதுவும் இல்லை. மேல் வீட்டில் குழந்தை ஓடினால் என் தலைமேல் ஓடுகிற மாதிரி இருக்கும். அவர்கள் நல்ல மனிதர்கள், தரையில் தக்கைப் பலகையும் கம்பளமும் போட்டார்கள். பாதி குறைந்தது. மீதிக்கு நான் பதிவு நேரத்தை மாற்றிக்கொண்டேன்.

மூன்றாம் நாள்தான் அப்பா வடக்குச் சுவருக்கு வந்தார். அதற்குள் அங்கே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. துடைத்தால் போகும், மறு வாரம் வரும். ஒப்பந்தக்காரர் அடைத்த சிமென்ட் கோடுகள் அப்படியே இருந்தன. செங்கல்தான் மாறியிருந்தது. அப்பா ஒரு கல்லில் நகத்தை வைத்தார். முகம் அப்படியே செதிலாகக் கையோடு வந்துவிட்டது, அப்பளம் போல. உள்ளே வெளிறிய, பொடியும் மண். "சுவருக்கு மூச்சு முட்டுதும்மா" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நூறு வருஷம் நின்றதை எட்டு மாதத்தில் கெடுத்துவிட்டோம் என்ற எண்ணம்தான்.

பழைய கட்டடங்களில் சுண்ணாம்புச் சாந்தில் வேலை செய்கிற ஒரு கொத்தனாரைத் தேடிப்பிடிக்க ஐந்து வாரம் ஆனது. வயதானவர், அதிகம் பேசாதவர். வந்ததும் சுவரில் கையை வைத்து ரொம்ப நேரம் நின்றார். பிறகு அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவருக்குள் ஈரம் வருவதைத் தடுக்க முடியாது. அது எந்த வழியாக வெளியே போகிறது என்பதுதான் கேள்வி. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மிருதுவானது, நுண்துளை அதிகம். ஈரமும் அதில் கரைந்த உப்பும் அந்த இடுக்கு வழியே வெளியேறும். உப்பு வெளியே வர வரச் சாந்துதான் பொடிந்து உதிரும். கல் தப்பித்துவிடும். நான் தினமும் பெருக்கியது கோளாறு இல்லை, சாந்து தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஐம்பது அறுபது வருஷத்துக்கு ஒரு முறை இடுக்கை மட்டும் புதிதாக அடைத்தால் போதும். நான் என்ன செய்தேன்? அந்த வழியைக் கல்லைவிடக் கடினமான சிமென்ட் வைத்து அடைத்தேன். ஈரம் செங்கல்லின் முகத்துக்குத் திரும்பியது. அங்கே உப்பு பூத்து, துளைக்குள் படிகமாக வளர்ந்து, முகத்தை உடைத்தது.

அவர் சக்கரத்தைத் தொடவே இல்லை. மெல்லிய உளி, சின்னச் சுத்தி. சிமென்ட்டைத் துணுக்குத் துணுக்காக எடுத்தார். இடுக்கின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம் வரை. பிறகு தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பும் மணலும் குழைத்த சாந்தைக் கரண்டி நுனியால் உள்ளே தள்ளித் தள்ளி அமுக்கினார். ஒரு நாளைக்கு இரண்டு சதுர மீட்டர்கூட ஆகாது. முடித்த இடத்தில் ஈரச் சாக்கு தொங்கவிட்டார். சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதில்லை, காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல இழுத்துத் திரும்பக் கல்லாகிறது, வேகமாகக் காய்ந்தால் பொடியாகிவிடும் என்றார். அப்பா அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேரும் ஒரு நாளில் பத்து வார்த்தை பேசியிருப்பார்களா என்று தெரியாது. ஆனால் சாக்கு காய்ந்தால் எழுந்து போய்த் தண்ணீர் தெளித்தது அப்பாதான்.

மொத்தம் 26 நாள். ஓரிடத்தில், ஜன்னல் ஓரம், ஒரு கை அகலத்துக்குச் சிமென்ட்டை அவர் எடுக்கவில்லை. எடுத்தால் கல் உடையும், விட்டுவிடலாம் என்றார். அது இன்னும் இருக்கிறது.

ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், இப்படிப்பட்ட வீடு வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும்போதெல்லாம் சமையலறை எப்படி, குளியலறை எப்படி என்றுதான் கேட்கிறார்கள். அதெல்லாம் பத்து வருஷத்தில் மாற்றக்கூடியவை. நீங்கள் சுவரிடம் போய் நில்லுங்கள். செங்கல்லின் முகம் மணல்காகிதம் போல ஒரே சீராகச் சொரசொரப்பாக இருந்தால், பளிச்சென்று தெரிவதற்காக மணல் பீய்ச்சிச் சுரண்டியிருக்கிறார்கள். சூளையில் வெந்து இறுகிய மேல்தோல் போய்விட்டது. அது திரும்பி வராது. இடுக்கில் இருப்பது சுண்ணாம்பா சிமென்ட்டா என்று ஒரு சாவி நுனியால் கீறிப் பாருங்கள். மச்சில் ஏறி ஐந்து நிமிடம் நில்லுங்கள். சூடான காற்று மேலே ஏறிவிடுவதால் கீழே கால் சில்லிடும்போது மேலே வியர்க்கும். எங்களுக்கு அப்படித்தான், கூரைக்குப் பக்கத்தில் மெல்லச் சுழலும் விசிறி ஒன்று போட்ட பிறகுதான் தூக்கம் வந்தது. செங்கல் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால் உட்பக்கம் வெப்பத் தடுப்பு போட முடியாது, அந்தக் குளிரைச் சேர்த்துத்தான் வாங்குகிறோம். கடைசியாக, ஒரு தடவை கை தட்டுங்கள்.

இந்த மாதிரி இடங்களில் முதலில் குடியேறியவர்கள் சொகுசுக்காக வந்தவர்கள் இல்லை. நியூயார்க்கின் சோஹோ பகுதியில் சிறுதொழில்கள் வெளியேறிக் காலியான தளங்களில் 1960களில் ஓவியர்களும் சிற்பிகளும் போய்க் குடியிருந்தார்கள். பெரிய இடம், குறைந்த வாடகை. சட்டப்படி அங்கே யாரும் வசிக்கக் கூடாது. வாசலில் ஏ.ஐ.ஆர். ('ஆர்ட்டிஸ்ட் இன் ரெசிடென்ஸ்', இங்கே கலைஞர் வசிக்கிறார்) என்று ஒரு சின்னப் பலகை, எந்த மாடி என்ற எண்ணோடு. தீப்பிடித்தால் உள்ளே ஓர் ஓவியர் வசிக்கிறார் என்று தீயணைப்பு வீரர்களுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக. 1971இல்தான் அங்கே கலைஞர்கள் வசிக்க நகரம் முறையாக அனுமதித்தது. கிடங்குகளிலும் தொழிற்கூடங்களிலும் குடியிருந்தவர்களுக்குப் பாதுகாப்பு தரும் சட்டம் 1982இல் வந்தது. அதற்குள் வாடகை ஏறி, அந்த இடங்களுக்கு உயிர் கொடுத்தவர்களில் பலர் வெளியேற வேண்டியதாயிற்று. அதை நினைத்தால் எனக்கு உறுத்தும். சிற்பி டொனால்ட் ஜட் 1968இல் ஸ்பிரிங் தெருவில் 1870இல் கட்டிய ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றை வாங்கி, தளங்களை அறைகளாகத் தடுக்காமல், ஒரு தளம் வேலைக்கு, ஒரு தளம் தூங்க என்று வாழ்ந்தார். அது இன்று பொதுமக்கள் பார்க்கத் திறந்திருக்கிறது. படங்களைப் பார்த்தாலே தெரியும், அவர் சேர்த்ததைவிடச் சேர்க்காமல் விட்டதுதான் அதிகம்.

லண்டனில் பட்லர்ஸ் வார்ஃப் பக்கம் ஒரு முறை நடந்திருக்கிறேன். 1870களில் கட்டிய கிடங்குகள், 1972இல் மூடி, பிறகு வீடுகளானவை. தெருவுக்கு மேலே கட்டடத்துக்குக் கட்டடம் இரும்புப் பாலங்கள், ஒரு காலத்தில் அவற்றின் மேல்தான் சரக்கை உருட்டிப் போவார்கள். ஒரு கட்டடத்தின் பெயர் ஏலக்காய், இன்னொன்றின் பெயர் கிராம்பு. உள்ளே என்ன இருந்ததோ அதுவே பெயர். எங்கள் கட்டடத்துக்கு அப்படி ஒரு பெயர் வைத்திருக்கலாம். விற்றவர்கள் வைத்த பெயரில் கிடங்கின் வாசமே இல்லை. குடோன் என்று ஊரெல்லாம் சொல்லும் சொல்லே நம் கிடங்கிலிருந்து கடல்வழி போய்த் திரும்பி வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. அதை அப்பாவிடம் சொன்னபோது, "இருக்கும், இருக்கும்" என்று ரொம்ப சந்தோஷப்பட்டார்.

அப்பா ஊருக்குத் திரும்பி ஒரு வருஷம் ஓடிவிட்டது. போன வாரம் இன்னொரு புத்தக அலமாரி வாங்கினோம். போனில் சொன்னேன்.

"எங்க வெச்சிருக்கே?"

"17ஆம் தூணுக்குப் பின்னாடி, வடக்குச் சுவரை ஒட்டி."

"ஒட்டி வைக்காதேம்மா. கிடங்கில எந்தச் சரக்கையும் சுவரை ஒட்டி வைக்க மாட்டோம். ஒரு கை போய் வர்ற அளவு விடு. சுவருக்கும் காத்து வேணும், புத்தகத்துக்கும் காத்து வேணும்."

அன்றைக்கு ராத்திரியே நானும் கணவரும் புத்தகங்களை எல்லாம் இறக்கி, அலமாரியை முன்னால் இழுத்தோம். பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை தாராளமாகப் போனது. விரல் நுனியில் கொஞ்சம் மணல் ஒட்டியிருந்தது.